வீட்டுக் கணினிக்கு வெளியிலிருந்து போக முடியவில்லை: ரவுட்டர் மாறிய நாளிலிருந்து பதிலே இல்லை

ஒலிக்கீற்று எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். இதில் எது முக்கியம், எது இல்லை என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒலிநூல் எடிட்டிங் செய்கிறவள். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. 12 நாளாக ஆஸ்பத்திரியில் கூடவே இருக்கிறேன், இன்னும் 3 வாரமாவது ஆகும் என்கிறார்கள். என் வேலை மொத்தமும் வீட்டில் இருக்கும் மேசைக் கணினியில்தான். விண்டோஸ் 11 ப்ரோ. குரல் பதிவுகள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கும், ஒரு மணி நேரப் பதிவே 500 எம்பியைத் தாண்டிவிடும். மடிக்கணினியில் அவ்வளவு இடம் கிடையாது. எடிட்டிங் மென்பொருளின் உரிமமும் வீட்டுக் கணினிக்கு மட்டும்தான். எனவே ஒரு வருஷத்துக்கு மேலாகவே வெளியில் போனால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது வீட்டுக் கணினியின் திரையை இணையம் மூலம் மடிக்கணினியில் திறக்கும் விண்டோஸ் வசதி வழியாக, உள்ளே போய் வேலை பார்ப்பது பழக்கம். ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் எண் (போர்ட்) 3389. ரவுட்டரில் அந்த எண்ணுக்கு வருவதைக் கணினிக்கு ஃபார்வர்ட் செய்து, அதாவது திருப்பிவிட்டு, வீட்டு முகவரி மாறினாலும் கண்டுபிடிக்க ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயரும் வைத்திருந்தேன்.

இங்கே வந்து முதல் 4 நாள் நன்றாகவே ஓடியது. அம்மா தூங்கிய பிறகு ராத்திரி 10 முதல் 1 வரை உட்கார்ந்து வேலை பார்த்தேன். 5-ஆவது நாள் வீட்டு ரவுட்டர் செத்துவிட்டது. இணைய நிறுவனத்திலிருந்து ஆள் வந்து புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் அப்பா மட்டும்தான். அவருக்கு இணையம் நன்றாகவே வருகிறது. என்னால்தான் உள்ளே போக முடியவில்லை.

இதுவரை செய்தது: அப்பாவிடம் போனில் சொல்லிச் சொல்லி, புது ரவுட்டரிலும் பழையபடி 3389-ஐ 192.168.1.20-க்கு ஃபார்வர்ட் செய்தாயிற்று. பலனில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்தார். அதுவும் இல்லை. நேற்று ராத்திரி வேறு வழி தெரியாமல் விண்டோஸ் ஃபயர்வாலை முழுக்க அணைக்கச் சொன்னேன். அப்போதும் அதே கதைதான். ஆஸ்பத்திரி வைஃபையிலும் முயன்றேன், போனின் டேட்டாவிலும் முயன்றேன். அரை நிமிஷம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று பொதுவாக ஒரு செய்தி வருகிறது, அவ்வளவுதான். நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டால் நாங்கள் எதையும் அடைக்கவில்லை என்கிறார்கள்.

அப்பாவுக்கு 71 வயது. சொன்னால் பொறுமையாகச் செய்வார், ஆனால் அரை மணிக்கு மேல் திரையைப் பார்த்தால் கண் வலிக்கும். அந்த அரை மணியை வீணாக்கக் கூடாது. எதை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்? அடுத்த வாரம் இரண்டு நூல்கள் கொடுத்தாக வேண்டும்.


பழைய_மோடம் எழுதியது:

அம்மா சீக்கிரம் தேறி வரட்டும்.

முதல் வேலை, இன்று ராத்திரியே அந்த ஃபயர்வாலைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அதை அணைத்ததால் பிரச்சினை எங்கே என்பதும் தெரியவில்லை, வீட்டுக் கணினியும் திறந்து கிடக்கிறது.

அடுத்தது, நீங்கள் வெளியிலிருந்து உள்ளே பார்க்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். கணினியில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாக வெளியே வாருங்கள். இந்த மாதிரி விஷயத்தில் பெரும்பாலும் ஒரே பூட்டு இருக்காது. இரண்டு பூட்டு தொங்கும் கதவில் ஒன்றைத் திறந்தாலும் கதவு அசையாது, உடனே அது சரியான சாவி இல்லை என்று நினைத்து மறுபடி பூட்டிவிடுவோம். நான் பலமுறை பார்த்த தவறு அது.

கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நெட்ஸ்டாட் கட்டளையை ஏஎன் விருப்பத்தோடு (netstat -an) ஓடவிடச் சொல்லுங்கள். வரும் பட்டியலில் 0.0.0.0:3389 என்ற வரி இருந்து அதன் கடைசியில் லிஸனிங் என்று இருந்தால், கணினி காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரியே இல்லை என்றால் ரிமோட் டெஸ்க்டாப் அணைந்திருக்கிறது, மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

அதே கருப்புத் திரையில் அடுத்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை. ஐபிவி4 முகவரி என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் ஃபார்வர்ட் செய்திருப்பது .20-க்கு. பழைய ரவுட்டரில் அந்த எண்ணை உங்கள் கணினிக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள். அந்த ஒதுக்கீடு பழைய பெட்டியோடு போய்விட்டது. புதுப் பெட்டி தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணைக் கொடுத்திருக்கும்.

அப்புறம் அப்பாவின் போனில் ரிமோட் டெஸ்க்டாப் செயலியைப் போட்டு, வீட்டு வைஃபையில் இருந்தபடியே அந்த உள் முகவரிக்கு இணைக்கச் சொல்லுங்கள். உள்ளே நுழையக்கூட வேண்டாம், பயனர் பெயர் கேட்டாலே போதும். வீட்டுக்குள்ளிருந்தே போக முடியவில்லை என்றால் ரவுட்டரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஒன்று கவனம்: வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு உங்கள் டைனமிக் டிஎன்எஸ் பெயரை வைத்துச் சோதிக்க வேண்டாம். தன் வெளி முகவரிக்கு உள்ளிருந்தே வரும் அழைப்பைத் திருப்பி உள்ளே அனுப்பப் பல ரவுட்டர்களுக்குத் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் கெட்டுப்போனது போலக் காட்டும்.

கடைசியாக ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். என் சந்தேகம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே சொல்லி உங்களைத் திசைதிருப்ப விரும்பவில்லை.

உங்கள் மடிக்கணினி லினக்ஸா, மேக்கா? இரண்டில் எதுவானாலும் நெட்கேட் இருக்கும், ஒரு போர்ட் பதில் சொல்கிறதா என்று பார்க்க உதவும் கட்டளை அது. வெளியிலிருந்து 3389-ஐத் தட்டிப் பாருங்கள். ரெஃப்யூஸ்டு என்று பட்டென்று வந்தால், அந்த முனையில் ஏதோ ஒன்று உங்களைக் கேட்டுவிட்டு மறுக்கிறது. டைம்டு அவுட் என்று இழுத்துக்கொண்டு போனால், நீங்கள் தட்டியது யார் காதிலும் விழவில்லை, அல்லது கேட்ட ஃபயர்வால் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை ரிமோட் டெஸ்க்டாப்பின் பொதுவான பிழைச் செய்தி காட்டாது.


ஒலிக்கீற்று எழுதியது:

மிக்க நன்றி. நேற்று சாயங்காலம் அப்பாவோடு உட்கார்ந்து, போனில்தான், எல்லாவற்றையும் பார்த்தோம். அரை மணி என்று ஆரம்பித்து 50 நிமிஷம் ஆகிவிட்டது. ரவுட்டரின் பாஸ்வேர்டு அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது. அவர் மேசைக்கு அடியில் குனிந்து, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். போன் தரையில் கிடந்தது. பி-யா 8-ஆ என்பதில் மூன்று தடவை தோற்றோம். பிறகு ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம், இதைப் படிக்கிறவர்கள் அப்படியே செய்யுங்கள்.

நெட்ஸ்டாட்டில் 3389 லிஸனிங் இருக்கிறது.

ஐபிகான்ஃபிக்கில் முகவரி 192.168.1.104. நீங்கள் சொன்னது சரி. நான் ஆளில்லாத எண்ணுக்கு ஃபார்வர்ட் செய்துகொண்டிருந்தேன். அந்த .20-ஐ இப்போது புது ரவுட்டரில் என் கணினிக்கே ஒதுக்கிவிட்டோம். ரீஸ்டார்ட் செய்த பிறகு .20 வந்துவிட்டது.

ஃபயர்வாலைத் திரும்பப் போட்டோம். அதற்குப் பிறகு அப்பாவின் போனிலிருந்து, வீட்டுக்குள்ளேயே, இணைய முடியவில்லை! இதை நான் எதிர்பார்க்கவில்லை. தேடிப் பார்த்ததில் புரிந்தது. போன வருஷம் யாரோ சொன்ன யோசனைப்படி ரிமோட் டெஸ்க்டாப்புக்கான ஃபயர்வால் விதியை பிரைவேட் நெட்வொர்க்கில் மட்டும் என்று நானே சுருக்கி வைத்திருந்தேன். ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பப்ளிக் என்று வைத்துவிட்டது. செட்டிங்ஸில் போய் பிரைவேட் என்று மாற்றியதும் அப்பாவின் போனில் உள்ளே போகிறது. பயனர் பெயர் கேட்பதை அவர் சத்தமாகப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் வெளியிலிருந்து இன்னும் டைம்டு அவுட்தான். இரண்டு பூட்டைத் திறந்தும் கதவு அசையவில்லை.

ரவுட்டரின் வான் முகவரி 100.79 என்று ஆரம்பிக்கிறது. அதே சமயம் அப்பாவின் போனில் வைஃபை வழியாக, என் ஐபி என்ன என்று காட்டும் தளத்தைத் திறந்தால் முற்றிலும் வேறு எண் வருகிறது. இது சரியா?


பழைய_மோடம் எழுதியது:

சரியில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அதுதான். அந்த 100.79-ஐத்தான் எதிர்பார்த்தேன்.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள முகவரிகள் பொது இணையத்தில் புழங்குவதில்லை. இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள்ளேயே வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டவை அவை. மொத்தம் 41,94,304 முகவரிகள். காரணம் எளிது. ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம், எல்லாம் சேர்த்தாலும் சுமார் 430 கோடிதான். உலக அளவில் வைத்திருந்த இருப்பின் கடைசித் தொகுப்புகள் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பிரித்துக் கொடுக்கப்பட்டு முடிந்தன. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பொது முகவரி கொடுக்கப் பல நிறுவனங்களிடம் கையிருப்பு இல்லை. அதனால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கிற மாதிரி, நிறுவனத்தின் பக்கத்தில் இன்னொரு பெரிய முகவரி மாற்றியை வைத்தார்கள். இதற்கு கேரியர் கிரேட் நாட் என்று பெயர், சுருக்கமாக சிஜிநாட்.

வீட்டிலிருந்து வெளியே போகும் எதற்கும் இதனால் தடங்கல் வராது. நீங்கள் ஒரு தளத்தைக் கேட்டால், யார் கேட்டது என்று அந்த மாற்றி குறித்து வைத்துக்கொண்டு பதிலைத் திருப்பி அனுப்பும். வெளியிலிருந்து யாராவது தானாக வந்து தட்டினால்தான் சிக்கல். அந்தப் பொது முகவரிக்குப் பின்னால் எத்தனையோ வீடுகள். 3389 எந்த வீட்டுக்கு என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் வந்ததை அங்கேயே கைவிட்டுவிடும். உங்கள் ரவுட்டரில் நீங்கள் எழுதிய ஃபார்வர்டிங் தப்பே இல்லை. தட்டும் சத்தம் அந்த ரவுட்டர் வரைக்கும் வருவதே இல்லை, அதுதான் விஷயம்.

உதவி எண்ணில் சொன்னதும் பொய் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் எதையும் அடைத்திருக்க மாட்டார்கள், ரவுட்டர் மாற்றத்தோடு உங்கள் இணைப்பை சிஜிநாட்டுக்கு நகர்த்தியிருப்பார்கள். நீங்கள் போர்ட் திறந்திருக்கிறதா என்று கேட்டால் அவர்களுக்கு வேறு பதில் இருக்காது. எங்கள் இணைப்புக்குப் பொது ஐபிவி4 முகவரி உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் கிடைக்குமா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் கேட்டால் கொடுக்கும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அது இல்லை. முகவரி கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம், கிடைத்தாலும் 3389-ஐத் திறக்கவும் வேண்டாம்.


இரவுக்காவல் எழுதியது:

கடைசி வரிக்கு நானும் கையைத் தூக்குகிறேன். ஒலிக்கீற்று, உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

உங்களைப் போலவே 3389-ஐத் திறந்து வைத்து 8 மாதம் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் வேறு எதையோ தேடி விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைத் திறந்தேன். 4625 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள். தோல்வியடைந்த உள்நுழைவுக்கான எண் அது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர், மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர். சில நொடிக்கு ஒன்று, பக்கம் பக்கமாகப் போகிறது. நான் தூங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் யாரோ கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த ராத்திரியே போர்ட்டை மூடினேன். எண்ணை 3389-லிருந்து வேறு ஏதாவதாக மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சத்தம் குறையும், அவ்வளவுதான். எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கிற நிரல்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

பாஸ்வேர்டு பலமாக இருந்தாலும் போதாது. 2019 மே மாதம் வெளியே தெரிந்த ப்ளூகீப் ஓட்டையை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 7 உள்ளிட்ட பழைய பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வர அது வழி விட்டது. ஆதரவு 2014-லேயே முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு கவலைக்குரிய விஷயம். உங்கள் 11-க்கு அந்த ஓட்டை இல்லை. அடுத்தது எப்போது எதில் வரும் என்று யாருக்கும் தெரியாதே.

எனவே அந்த ஃபார்வர்டிங் வரியைப் புது ரவுட்டரிலிருந்து அழித்துவிடுங்கள். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறோம், அதனால் ஆபத்தில்லை என்று விட வேண்டாம். நாளைக்கே நிறுவனம் பொது முகவரி கொடுத்தால் அந்த வரி தானாக உயிர் பெற்றுவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.


நடுப்பாதை எழுதியது:

இணைப்பில் ஐபிவி6, அதாவது ஐபிவி4-க்கு அடுத்து வந்த நீளமான முகவரி முறை, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கணினிக்கே சொந்தமாக ஒரு பொது முகவரி இருக்கும், சிஜிநாட் குறுக்கே வராது. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் வழி விட வேண்டியிருக்கும், அதுவும் குறியாக்கம் செய்த தனிப்பாதை போடும் வயர்கார்ட் மாதிரி ஒன்றுக்கு மட்டும், நேராக ரிமோட் டெஸ்க்டாப்புக்கு இல்லை. நீங்கள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 வேண்டும். ஆஸ்பத்திரி வைஃபையில் சந்தேகம்தான்.

அதைவிட எளிது, இரண்டு பக்கமும் வெளியே போய் நடுவில் சந்திக்கிற வழி. டெய்ல்ஸ்கேல் போன்றவை அப்படித்தான் வேலை செய்கின்றன. அடியில் வயர்கார்ட்தான் ஓடுகிறது. வீட்டுக் கணினியும் உங்கள் மடிக்கணினியும் தாங்களாகவே வெளியே ஒரு சர்வரைத் தொடர்பு கொள்ளும். எந்த முகவரி மாற்றிக்கும் அது சாதாரண வெளிப்பயணம், தடுக்காது. அங்கே இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொண்டு, முடிந்தால் நேர்ப்பாதை போட்டுக்கொள்ளும், முடியாவிட்டால் ஒரு இடைநிலை சர்வர் வழியாகப் பேசும். பேச்சு முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டது, இடையில் இருக்கும் சர்வரால் படிக்க முடியாது. ரவுட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை.

ஒன்று மட்டும். டெய்ல்ஸ்கேல் உங்கள் கணினிகளுக்குக் கொடுக்கும் முகவரியும் 100 என்றுதான் ஆரம்பிக்கும். அதே ஒதுக்கீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வான் பக்கத்தில் பார்த்த 100.79-ஓடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

வீட்டுக் கணினியில் நிறுவும்போது, யாரும் உள்நுழையாமல் இருந்தாலும் ஓடட்டும் என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் அப்பா சைன் அவுட் செய்தாலோ கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ மறுபடி வெளியே நிற்பீர்கள்.


ஒலிக்கீற்று எழுதியது:

நேற்று ராத்திரி 11:20-க்கு என் மேசையின் திரையை இங்கே பார்த்தேன்! அம்மா தூங்குகிறாள், அதனால் சத்தம் போட முடியவில்லை. உங்கள் மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன், என்னை மாதிரி இன்னொருவருக்கு உதவும்.

டெய்ல்ஸ்கேல் நிறுவ அப்பாவிடம் சொன்னதும் அவர் மறுத்துவிட்டார். "ஏம்மா, போனில் யாராவது ஒரு ஆப்பை இன்ஸ்டால் பண்ணச் சொன்னால் உடனே வைத்துவிட வேண்டும் என்று நீதானே சொன்னே? இப்போது நீயே சொல்கிறாயே, இது நீதானா?" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குரலை வைத்து மட்டும் நம்பக் கூடாது என்று அவருக்கு இவ்வளவு தெளிவாகப் பதிந்திருப்பதில் எனக்குப் பெருமை. வீடியோ அழைப்பில் வந்து என் முகத்தையும், கட்டிலில் அம்மாவையும் காட்டினேன். அம்மா கையசைத்தாள். அதற்குப் பிறகுதான் மவுஸைத் தொட்டார்.

நிறுவுவது சிரமமாக இல்லை. அந்தக் கணினியின் பிரவுசரில் என் மின்னஞ்சல் கணக்கு ஏற்கனவே திறந்திருந்ததால் பாஸ்வேர்டு எதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டிய தேவை வரவில்லை. பட்டனை அழுத்தினார், வந்துவிட்டது. என் மடிக்கணினியிலும் அதே கணக்கு. பட்டியலில் வீட்டுக் கணினியின் பெயர் தெரிந்தது. ஆனால் முதல் முறை இணைந்தவுடன் அங்கே அப்பாவின் முன்னால் இருந்த திரை பூட்டிக்கொண்டது. ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து பவர் பட்டனில் விரலை வைத்துவிட்டார். நல்லவேளை, அழுத்தும் முன் கேட்டார். ரிமோட் டெஸ்க்டாப்பில் நான் உள்ளே வந்தால் அங்கே இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும், அது இயல்பு. பக்கத்தில் இருப்பவருக்கு இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி: ஆஸ்பத்திரி வைஃபையில் நேர்ப்பாதை கிடைக்கவில்லை, நிலைப் பட்டியலில் ரிலே, அதாவது இடைநிலை சர்வர் வழி, என்று காட்டுகிறது. சொல் வெட்டுவதற்கும் நகர்த்துவதற்கும் போதும். ஆனால் மூச்சுச் சத்தத்தை எடுக்கும்போது ஒலி ஒரு நூலிழை தாமதமாக வருகிறது, கண்ணும் காதும் ஒட்டவில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் டைரக்ட் என்று வருகிறது, தாமதம் தெரியவே இல்லை. எனவே வெட்டும் வேலை வைஃபையில், கடைசிக் கேட்பு ஹாட்ஸ்பாட்டில் என்று பிரித்துக்கொண்டேன்.

ஃபார்வர்டிங் வரியை அழித்தாயிற்று. இரவுக்காவல் சொன்ன 4625 பதிவுகளையும் பார்த்தேன். பழைய ரவுட்டர் இருந்த நாட்கள் முழுக்க இருக்கின்றன. அம்மா ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த, நான் இங்கே வெட்டிக்கொண்டிருந்த அதே 10 மணி 1 மணி நேரங்களிலும் இருக்கின்றன. கொஞ்ச நேரம் திரையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்ததாக எதுவும் தெரியவில்லை. வெற்றிகரமான உள்நுழைவுகளையும் தேதி தேதியாகப் பார்த்தேன், ரிமோட் வழியாக வந்தவை எல்லாம் நான்தான். ஆனாலும் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. கணினி தூங்கிவிட்டால் என்ன செய்வது? இது எத்தனை நாள் இப்படியே ஓடும், நடுவில் ஏதாவது காலாவதி ஆகுமா?


நடுப்பாதை எழுதியது:

மிகவும் சந்தோஷம். டெய்ல்ஸ்கேலில் ஒவ்வொரு கணினியின் சாவிக்கும் இயல்பாக 180 நாள் ஆயுள், அதற்குப் பிறகு மறுபடி உள்நுழையச் சொல்லும். வீட்டுக் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் அணைத்துவிடலாம். உங்கள் மடிக்கணினிக்கு அணைக்க வேண்டாம். தொலைந்துபோகக் கூடியது அதுதான். அந்த மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். இப்போது வீட்டுச் சாவி அந்தக் கணக்குதான்.


பழைய_மோடம் எழுதியது:

தூக்கத்துக்கு: பவர் அமைப்பில் ஸ்லீப்பை நெவர் என்று வையுங்கள். திரை மட்டும் அணையட்டும். தூங்கும் கணினியை எழுப்ப வேக் ஆன் லான் என்று ஒரு வழி இருக்கிறது. 102 பைட் நீளமுள்ள ஒரு பாக்கெட், முதலில் எஃப்எஃப் என்ற பைட் 6 தடவை, பிறகு கணினியின் மேக் (MAC) முகவரி, அதாவது அதன் நெட்வொர்க் அட்டையின் அடையாள எண், 16 தடவை. ஆனால் அதை வீட்டு வலைக்குள்ளிருந்து விழித்திருக்கும் இன்னொரு கருவிதான் அனுப்ப வேண்டும். தூங்கும் கணினியில் டெய்ல்ஸ்கேலும் தூங்கிவிடும். உங்கள் வீட்டில் அப்படி எப்போதும் ஓடும் இரண்டாவது கருவி இல்லை என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மின்சாரம் போய் வந்தால் கணினி தானாகக் கிளம்ப, பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், மின்சாரம் திரும்பியதும் இயங்கு என்ற அமைப்பு இருக்கும். அதற்கு அப்பா ரீஸ்டார்ட் செய்து சரியான நொடியில் விசையை அழுத்த வேண்டும். அதை நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அவருக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.


ஒலிக்கீற்று எழுதியது:

ஸ்லீப் நெவர் ஆகிவிட்டது, நானே இங்கிருந்து மாற்றினேன். வீட்டுக் கணினியின் காலாவதியும் அணைந்தது, இரண்டடுக்கும் போட்டாயிற்று. பயாஸை விட்டுவிட்டேன். அப்பா படுக்கப் போகும் முன் பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, எரிகிறது என்று மட்டும் ஒரு செய்தி அனுப்புகிறார். அது வந்ததும் உட்காருகிறேன். முதல் நூலில் இன்னும் 4 அத்தியாயம் பாக்கி.